தடைக்காலத்தில் பார்த்த இடம்

செப்டம்பர் 4, திங்கள்

இன்றிலிருந்து எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பதாக முடிவு. இதை ஆறு வருடங்களுக்கு முன்பே செய்திருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியது நானா வேதமூர்த்தியா என்று யாரும் கேட்டிருக்க முடியாது. எழுதியவன் நான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு சென்னையில் மேடையேறியவர் அவர். இன்று அவர் திட்டத் தலைமை அலுவலகத்தில் மாநில வல்லுநர். நான் இந்தக் கடற்கரை மாவட்டத்தில், அவருக்குக் கீழே, சமூக, சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலர். இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு சட்டப் பட்டம், வயது ஐம்பத்திரண்டு.

பாதுகாப்பு அலுவலர் என்றால் வாட்ச்மேன்களுக்கெல்லாம் தலைவர் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. உண்மையில் வேலை இதுதான். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பன்னாட்டு வங்கி ஒன்றின் உதவியில் அரசு சேவை மையங்கள் கட்டுகிறது. அந்தக் கட்டடங்களால் யாருடைய பிழைப்பும் கெடக்கூடாது, யாருடைய கிணறும் கெடக்கூடாது. கெடுமா என்று முன்கூட்டியே போய்ப் பார்த்து ஒரு படிவத்தில் எழுத வேண்டும். அதையும் மீறிக் கெட்டால் மக்கள் புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் கொடுக்க வேண்டும். அந்த எண் என்னுடைய கைபேசி.

பதினான்கு மாதத்தில் நான்கு அழைப்புகள். இரண்டு பேர் சமையல் எரிவாயு உருளை கேட்டார்கள். ஒருவர் பேருந்து நடத்துநர் மரியாதையாகப் பேசவில்லை என்றார். ஒருவர் பேசாமலே வைத்துவிட்டார்.

இன்று ஐந்தாவது. ஒரு பெண் குரல். "பலகையில இந்த நம்பர் போட்டிருக்கு. நாங்க நடுக்கரைக்குப்பம். எங்க களத்துல கல்லு நட்டுட்டுப் போறானுவோ. நீங்க யாரு, கல்லு நடுறவங்களா, புடுங்குறவங்களா?"

நாளை வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

நடுக்கரைக்குப்பம். மையம் வரப்போகும் இடம் ஊருக்கும் கடற்கரைச் சாலைக்கும் நடுவே நாற்பது சென்ட். அரசுப் புறம்போக்கு. காலி இடம் என்றுதான் கோப்பில் இருக்கிறது.

இடம் காலியாக இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை பழைய வலைகளை விரித்து மீனைக் காயப் போட்டிருந்தார்கள். நெத்திலி, காரப்பொடி, வகிர்ந்த வாளை. வரிசை வரிசையாக, நடுவில் ஆள் நடக்க ஓரடி விட்டு. பன்னிரண்டு பெண்கள். நேற்று அழைத்தவர் சிந்தாமணி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். முந்தானையைத் தலையில் கட்டிக்கொண்டு, ஒரு கையில் காக்கை விரட்டும் குச்சியோடு வந்தார்.

"நீங்கதானா அந்த போன் நம்பரு? வாங்க. வரப்புல நடங்க, மீனை மிதிச்சிடாதீங்க."

எத்தனை வருடமாக இங்கே காயப் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே எம் மாமியா இங்கதான் போட்டுக்கிட்டிருந்தா. கடலுக்கு இந்தண்டை இதான் மேடு. மழை பெஞ்சாலும் தண்ணி நிக்காது. வேற எங்க போட்டாலும் புழு வச்சிரும்."

ஒப்பந்தக்காரரின் பொறியாளர் ஆரோக்கியராஜ் வந்து சேர்ந்தார். நல்ல மாதிரியானவர்தான். குரலைத் தாழ்த்தி, "சார், பேப்பர்ல காலி எடம், யாரும் யூஸ் பண்ணலைன்னு இருக்கு. அதை நம்பித்தான் கல்லு போட்டோம்" என்றார்.

படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. படிவத்தை மே மாதத்தில் நிரப்பியிருக்கிறார்கள். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு போகாவிட்டால் மீன் இல்லை, மீன் இல்லாவிட்டால் களத்தில் என்ன இருக்கும்? வெறும் மணல். நிரப்பியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 6, புதன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. வீட்டுக்காரர் நாளை ஆள் அனுப்புவாராம்.

செப்டம்பர் 8, வெள்ளி

வேதமூர்த்தி பேசினார். "வழுதிண்ணே, நல்லா இருக்கீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா?" இளவழுதி என்ற என் பெயரை இவ்வளவு பாசத்தோடு சுருக்குகிறவர் இவர் ஒருவர்தான். பாசம் அதிகமாகும்போதெல்லாம் எனக்கு ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது.

நடுக்கரைக்குப்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஊர்ப் பஞ்சாயத்துல சம்மதத் தீர்மானம் போட்டுக் குடுத்திருக்காங்களேண்ணே."

தீர்மானம் இருக்கிறது. ஐந்து பேர் கையெழுத்து, ஐவரும் ஆண்கள். மீனவர் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை. களத்தில் மீன் காயப் போடுகிற ஆணும் இல்லை. களத்தைப் பயன்படுத்தாதவர்களெல்லாம் கூடிக் களத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னேன்.

சிரித்தார். "நீங்க எப்பவும் இப்படித்தாண்ணே, அழகாச் சொல்வீங்க. அக்டோபர் பத்தாம் தேதி வங்கி ஆய்வுக் குழு வருது. மூணாம் தேதி வேலை ஆரம்பிச்சாகணும். அதுக்குள்ள ஒரு கலந்தாய்வுக் கூட்டம் போட்டு, வருகைப் பதிவை எனக்கு அனுப்பிடுங்க."

அந்த இடத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் வேதமூர்த்தி. கோப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை அவர் தப்ப முடியாது.

செப்டம்பர் 11, திங்கள்

வடக்கே இன்னொரு மையத்தின் பணியிடம். மலக்கழிவுத் தொட்டிக்குக் குழி தோண்டியிருந்தார்கள். நாடா பிடித்து அளந்தேன். அடிபம்பிலிருந்து பதினோரு மீட்டர். பதினைந்து இருக்க வேண்டும். மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்டச் சொன்னேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. அடிபம்பில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு இப்படி ஒருவன் வந்து அளந்தது தெரியப்போவதில்லை. என் வேலை சரியாக நடந்தால் எதுவுமே நடக்காது. அதனால்தான் அதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

செப்டம்பர் 13, புதன்

கலந்தாய்வுக் கூட்டம். சமுதாயக் கூடத்தில் தேநீர், காராபூந்தி. பன்னிரண்டு பெண்களும் வந்தார்கள். பஞ்சாயத்தார் இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டு, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மையத்தில் என்னென்ன வரும் என்று விளக்கினேன். இயன்முறை சிகிச்சை, காதுக்கருவி, முதியோருக்குப் பகல் பராமரிப்பு. வாசலில் நின்றவர்களில் ஒருவர், "ஊனமுற்ற பிள்ளைங்களுக்கு வர்றதை இதுக கெடுக்கப் பாக்குதுங்க சார்" என்றார்.

சிந்தாமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடமே பேசினார். "மையம் வேணாம்னு யாரு சொன்னா? எம் புருஷன் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு நாலு வருசமாக் கெடக்கறாரு. மொத ஆளா நாந்தான் தூக்கிட்டு வருவேன். அதுக்குன்னு எங்க களந்தானா கெடச்சுது? மீனுக்குக் கூரை போட்டுக் காயவைக்க முடியுமா?"

வருகைப் பதிவேட்டைச் சுற்றுக்கு விட்டேன். பதினொரு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். சிந்தாமணி தாளை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னா எழுதியிருக்கு?"

"வருகைப் பதிவு. வந்தவங்க பேரு."

"அது சரி. மேல இவ்வளவு எடம் காலியாக் கெடக்கே. அதுல என்னா எழுதுவீங்க?"

"எதுவும் எழுத மாட்டோம்."

"காலி எடத்தைப் பாத்தா ஒங்களுக்குக் கை சும்மா இருக்காதே சார்."

பெண்கள் சிரித்தார்கள். வாசலில் நின்றவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பேனாவை வாங்கி, தலைப்புக்கும் முதல் பெயருக்கும் நடுவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். எட்டாம் வகுப்பு வரை படித்தவராம். எழுத்து அழகாக இருந்தது.

செப்டம்பர் 14, வியாழன்

வருகைப் பதிவின் மேல்பாதியில் "மேற்படி இடத்தில் மையம் கட்டுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று தட்டச்சு செய்து அனுப்பச் சொல்கிறார் வேதமூர்த்தி. எல்லா மாவட்டத்திலும் அப்படித்தானாம். தாளில் கோடு போட்டிருக்கிறது என்றேன். "கோடா? எதுக்குக் கோடு?" என்றார்.

தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

கோப்பை முழுவதும் படித்தேன். வேதமூர்த்தியின் ஒப்புதல் ஜூன் மாதம். ஒற்றை வரி. "முன்சோதனைப் படிவத்தின் அடிப்படையில் ஏற்கப்படுகிறது." கெட்டிக்காரர். தன் தலையில் எதையும் ஏற்றிக்கொள்ளவில்லை.

படிவம் மூன்று பக்கம். நாள் மே 23. "நிலத்தை எவரேனும் வாழ்வாதாரத்துக்குப் பயன்படுத்துகிறார்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் குறி. "நேரில் பார்வையிட்டு உறுதி செய்யப்பட்டது" என்பதற்குக் கீழே கையெழுத்து.

கையெழுத்து என்னுடையதுதான்.

அன்று மூன்று இடங்கள் பார்க்க வேண்டியிருந்தது. வெயில் நூற்றுநான்கு டிகிரி. அன்று காலையில்தான் துணை இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது, அதில் என் பெயர் இல்லை. எனக்கு இளையவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பட்டியலின் பின்னால் யார் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த மனநிலையில் எந்த மனிதனும் படிவம் நிரப்பக் கூடாது. நிரப்பச் சொன்னவர்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 20, புதன்

படிவத்தோடு ஒரு புகைப்படம் இருக்கிறது. அதை எடுத்தவர் ஜீப் ஓட்டுநர் நாகூர்கனி. மணல். ஓரத்தில் சுருட்டி வைத்த வலைகள், அவை பறக்காமல் இருக்க மேலே கற்கள். கவிழ்த்து வைத்த ஏழு உப்புத் தொட்டிகள். எண்ணிப் பார்த்தேன்.

போகிற வழியில் நாகூர்கனியிடம் சாதாரணமாகக் கேட்டேன், அன்றைக்கு நினைவிருக்கிறதா என்று.

"இல்லாம என்ன சார்? நீங்க போன்ல இருந்தீங்க. நாந்தான் எறங்கிப் போட்டோ எடுத்தேன். கருவாட்டு வாடை தூக்குது, இங்க ஏதோ நடக்குதுன்னு சொன்னேனே. கண்ணாடிய ஏத்துன்னு சொல்லிட்டீங்க."

எனக்கு அப்படிச் சொன்ன நினைவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

நடுக்கரைக்குப்பம். சிந்தாமணியின் வீட்டில் அவர் கணவர் தேசிங்கைப் பார்த்தேன். விசைப்படகில் டிரைவராக இருந்தவர். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறினாலும் சொல்வது புரிகிறது. மையம் எப்போது திறக்கும் என்று கேட்டார். கைக்குப் பயிற்சி கொடுப்பார்களா என்று கேட்டார். பந்து ஒன்றை இடது கையால் எடுத்து வலது கையில் வைத்துக் காட்டினார். அது உருண்டு விழுந்தது. சிந்தாமணி கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே காலால் தட்டி அவர் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வார்கள் போல.

சிந்தாமணி தேநீர் கொடுத்துவிட்டு, "எவன் சார் இதைக் காலி எடம்னு எழுதுனான்?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல எழுதினது" என்றேன்.

அது பொய்யில்லை. நானும் அலுவலகத்தில்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 25, திங்கள்

மோட்டார் சரியாயிற்று. மிளகாய்த்தூள், சோப்பு வாங்கினேன். ஊரிலிருந்து மனைவி சுகந்தி சொன்ன பற்பசை கிடைக்கவில்லை.

செப்டம்பர் 27, புதன்

வேதமூர்த்தி இன்று அண்ணே என்று ஆரம்பிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"படிவம் நிரப்புன நாள்தான் கணக்கெடுப்பு நாள். அன்னைக்கு அங்க இருந்தவங்க மட்டுந்தான் பாதிக்கப்பட்டவங்க. அதுக்கப்புறம் வந்தவங்க ஆக்கிரமிப்பாளர். விதி உங்களுக்கே தெரியும். மே 23 அன்னைக்கு அங்க யாரும் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

விதி எனக்குத் தெரியும். திட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டுக் கடைசி நேரத்தில் குடிசை போட்டு இழப்பீடு கேட்பவர்களைத் தடுக்க வைத்த விதி அது. பயிற்சி வகுப்பில் நான் பாடம் நடத்திய விதி. அந்த விதிப்படி, மாமியார் காலத்திலிருந்து அங்கே மீன் காயப் போடுகிற ஒருத்தி மே 23க்குப் பிறகு வந்த ஆக்கிரமிப்பாளர். அவரை அப்படி ஆக்கியது பஞ்சாயத்து இல்லை. வேதமூர்த்தியும் இல்லை.

அவர் சொல்லி முடித்ததும், "மூணாம் தேதி ஜேசிபி வரும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா இருங்க, அது போதும்" என்றார். நான் சும்மா இருந்தால் என் பெயர் அடுத்த பட்டியலில் வருமென்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 30, சனி

காலையிலிருந்து கடிதம் எழுதினேன். திட்ட இயக்குநருக்கு, நகல் வங்கியின் ஆய்வுக் குழுவுக்கு. பதினொரு பக்கம். கணக்கெடுப்பு அறிக்கையில் தொடங்கி, பதவி உயர்வுப் பட்டியல் வழியாக, வருகைப் பதிவில் பொய் ஒப்புதல் தட்டச்சு செய்கிற வழக்கம் வரை, வேதமூர்த்தியை ஒரு இடத்திலும் விடவில்லை. நடை நன்றாக வந்திருந்தது.

வார இறுதிக்கு வந்திருந்த சுகந்தியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் பள்ளித் தலைமையாசிரியை. சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டாள். வெண்டைக்காய் நறுக்கி முடித்துக் கை துடைத்துவிட்டு, நின்றுகொண்டே பதினொரு பக்கமும் படித்தாள்.

"ஏங்க, அந்தப் பொம்பளைங்க எந்தப் பக்கத்துல வர்றாங்க?"

"பத்தாம் பக்கத்துல."

"நீங்க?"

"நான் எதுக்கு அதுல?"

தாள்களை ஒழுங்காகத் தட்டி என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். இருபத்தாறு வருடத்தில் அவளோடு போட்ட சண்டைகளில் இதுதான் மிகக் குறைந்த நேரம் நடந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

பதினொரு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். வேதமூர்த்தியை அடிக்க வேண்டுமானால் அவருடைய ஒப்புதல் தவறு என்று காட்ட வேண்டும். ஒப்புதல் தவறு என்று காட்ட வேண்டுமானால் படிவம் தவறு என்று காட்ட வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. இதைத் தவிர இதில் வேறு காரணம் ஒன்றுமில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

புதிய கடிதம் அரைப் பக்கம். அதில் வேதமூர்த்தியின் பெயர் வரவில்லை. வர இடமில்லாமல் போய்விட்டது.

"நடுக்கரைக்குப்பம் பணியிடத்தின் முன்சோதனைப் படிவத்தில் நேரில் பார்வையிட்டதாக நான் கையெழுத்திட்டிருக்கிறேன். மே 23 அன்று நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. எவரிடமும் விசாரிக்கவில்லை. அது மீன்பிடித் தடைக்காலம். அந்த நிலம் பன்னிரண்டு பெண்கள் தலைமுறையாக மீன் உலர்த்தும் களம். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று கொள்ள என் படிவம் ஆதாரமாகாது. படிவத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

மதியம் சுகந்தி ஊருக்குக் கிளம்பும்போது பேருந்து நிலையத்தில் வைத்துக் காட்டினேன். படித்துவிட்டு ஒரே ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தினாள். வீட்டுக்கு வந்து மின்னஞ்சலில் அனுப்பினேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

எட்டரை மணிக்கு ஜேசிபி வந்துவிட்டது. பெண்கள் மீனை அள்ளவில்லை. வலைகளின் நடுவே அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல் எதுவும் இல்லை. ஒருத்தி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

வேலையை நிறுத்தச் சொன்னேன். பாதுகாப்பு அலுவலருக்கு அந்த அதிகாரம் உண்டு. விதிப்புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கம். இதுவரை யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

"சார், வாயால சொன்னா எங்க முதலாளி என்னைத்தான் கேப்பாரு. எழுதிக் குடுத்துருங்க" என்றார் ஆரோக்கியராஜ். ஜீப் முகப்பில் தாளை வைத்து எழுதினேன். தகடு சூடாக இருந்தது. அவர் வாங்கிப் படித்து, சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார். "நெசமாச் சொல்லணும்னா எனக்கும் இதைத் தோண்ட மனசில்ல சார். எங்க வீட்லயும் கருவாட்டுக் குழம்புதான்" என்றார்.

ஜேசிபி திரும்பிப் போனது. சிந்தாமணி எழுந்து வந்தார்.

"நல்லா இருப்பீங்க சார். அந்த ஆபீஸ்காரன்கிட்ட சண்டை போட்டீங்களா?"

இதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. சொன்னேன். எழுதியது நான்தான் என்றும், வண்டியை விட்டு இறங்கவில்லை என்றும்.

அவர் குனிந்து என் செருப்பைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு எங்க வீட்ல ஒக்காந்து டீ குடிச்சிட்டு, ஆபீஸுன்னீங்களே."

"ஆமா."

"எறங்கி ரெண்டு அடி வச்சிருந்தா கால்ல உப்பு ஒட்டியிருக்கும் சார். யாரையும் கேக்கவே வேணாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் திட்டு வாங்கத் தெரியும். திருப்பிக் கொடுக்கவும் தெரியும். அவர் போய், எதுவும் நடக்காதது மாதிரி வாளையைப் புரட்டிப் போட ஆரம்பித்தார்.

அக்டோபர் 4, புதன்

வேதமூர்த்தி. "ஏண்ணே? இந்த வருசப் பட்டியலுக்கு உங்க பேரை நாந்தான் எழுதிக் குடுத்தேன். போன வருசமும் நாந்தான். அவங்க எடுத்துக்கல" என்றார்.

நான் நம்பவில்லை. ஆனால் எல்லாவற்றையும் எழுதி வைப்பது என்று முடிவு செய்திருப்பதால் இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

ஒன்றுமில்லை. அலுவலகத்தில் யாரும் என்னோடு தேநீர் குடிக்க வரவில்லை. நாகூர்கனி மட்டும் வந்தார்.

அக்டோபர் 10, செவ்வாய்

ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர், தலைவர் ஒரு பெண்மணி, கூடவே மொழிபெயர்ப்பாளர். வேதமூர்த்தியும் வந்திருந்தார். காதோரம் நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

பெண்கள் யாரும் மனு கொடுக்கவில்லை. தலைவரம்மாவை வரிசைகளுக்கு நடுவே நடத்திக்கொண்டு போய், எந்த மீன் எத்தனை நாள் காய வேண்டும், ஏன் இந்த மேடு வேண்டும் என்று சிந்தாமணி ஒவ்வொன்றாகக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் காரப்பொடிக்குச் சொல் கிடைக்காமல் தவித்தார். "சின்ன மீனுன்னு சொல்லிட்டுப் போ தம்பி, அதுக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது" என்றார் சிந்தாமணி.

பிறகு தலைவர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது உங்களுடையதுதானா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். ஆமாம் என்றேன். யாராவது எழுதச் சொன்னார்களா என்றார். இல்லை என்றேன். இதுபோல இறங்காமல் கையெழுத்திட்ட படிவங்கள் வேறு உண்டா என்றார்.

அதே நாளில் பார்த்த மற்ற இரண்டு இடங்களையும் சொன்னேன். அதை அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

இரண்டு உத்தரவுகள் ஒரே தபாலில்.

ஒன்று: நடுக்கரைக்குப்பம் மையம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்கு மாற்றப்படுகிறது. புதிதாக முன்சோதனை, புதிதாக ஒப்பந்தப்புள்ளி. பத்து மாதம் தள்ளிப்போகும். மற்ற இரண்டு இடங்களிலும் மறு ஆய்வு. களம் பெண்கள் பெயரில் பொதுப் பயன்பாடு என்று வருவாய்ப் பதிவில் ஏற்றப் பரிந்துரை.

இரண்டு: என்னை நான் முதலில் இருந்த தாய்த்துறைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நேரில் பாராமல் சான்றளித்ததற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை. இனி எந்தப் பட்டியலிலும் என் பெயர் வராது. விளக்கம் எழுத ஒரு வரி போதும். ஏற்கெனவே எழுதியாயிற்று.

நியாயமான உத்தரவு. இதை எழுதுவதற்கு எனக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

அக்டோபர் 26, வியாழன்

பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். புதிய அலுவலர் வரும்வரை புகார் எண்ணை மட்டும் நான் வைத்திருக்க வேண்டுமாம்.

மாலை பேருந்துக்கு முன் நடுக்கரைக்குப்பம் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மழைக்காலம் நெருங்குகிறது. மூன்று நாள் மூட்டத்துக்குப் பிறகு இன்றுதான் நல்ல வெயில். பன்னிரண்டு பேரும் களத்தில் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் வேகவேகமாகப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மழைக்குள் காய்ந்தாக வேண்டும்.

தேசிங்கை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பத்து மாதம் என்பதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று சிந்தாமணியிடம் கேட்டேன்.

"சொன்னேன். மூணு நாளாப் பேசல. களமா நானான்னு கேட்டாரு. என்னா சொல்லச் சொல்றீங்க?" நெத்திலியைக் கையால் தள்ளிப் பரப்பிக்கொண்டே பேசினார். "நீங்க அன்னைக்கே எறங்கியிருந்தா மொதல்லேயே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால கட்டியிருப்பானுவோ. இந்நேரம் அஸ்திவாரம் எழும்பியிருக்கும். பத்து மாசம் முந்தியே அவரு கையில பந்து நின்னாலும் நிக்கும்."

பத்து மாதத்துக்கு, மாவட்ட மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சையாளரை வாரம் ஒரு நாள் குப்பத்துக்கு அனுப்பக் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன் என்றேன். கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைத்தால் போன் வரும் என்று மட்டும் சொன்னேன்.

"ஒங்க நம்பருலேருந்தா?"

"என் நம்பர்லேருந்து."

சரி என்றார். வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தேன். மன்னிப்பு மாதிரி ஏதாவது எதிர்பார்த்தேனோ என்னவோ. வெயில் எனக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், ஒங்க நெழலு மீனு மேல விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.